கையைப் பிடித்து இழுக்காதீர்கள்

பள்ளிக்கூட வாசலில் என் மகளைப் பார்த்ததும் உங்கள் பிள்ளையின் கையை வெடுக்கென்று பிடித்து உங்கள் பக்கம் இழுத்துக்கொள்கிறீர்களே, அது எங்கள் கண்ணில் படவில்லை என்றா நினைக்கிறீர்கள்? என் கண்ணில் படுவது போகட்டும், எனக்குப் பழகிவிட்டது. அவளுக்கு ஏழு வயது. எதிரே வருகிறவர் நிஜமாகவே செல்போனில் மும்முரமாக இருக்கிறாரா, தன் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப் போக வழி தேடுகிறாரா என்பது அவளுக்கு என்னைவிடச் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது.

வலது கன்னத்தின் கீழ்ப்பகுதியில் தொடங்கி, கழுத்து, தோள், முழங்கை வரைக்கும் அவளுக்குத் தழும்பு. ஒன்றரை வயதில் வெந்நீர் கொட்டியது. அடுப்பிலிருந்து குளியலறைக்குக் குண்டானைத் தூக்கிக்கொண்டு போகும்போது, தத்தித் தத்தி ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். கதை இவ்வளவுதான். ஆனால் முழுக் கதையும் தெரிந்தாக வேண்டும் என்று நினைக்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். அதனால் முதல் சண்டை அவர்களோடு.

பேருந்தில், ரேஷன் கடையில், கோயில் வரிசையில், முன்பின் தெரியாதவர்கள் கேட்கிறார்கள்: "ஐயோ, பாப்பாவுக்கு என்னாச்சு?" கேள்வி அவளுடைய தலைக்கு மேலே பறந்து என்னிடம் வருகிறது, நடுவில் நிற்கிறவளுக்குக் காதே இல்லாத மாதிரி. பதில் சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "நீங்க அப்ப எங்க போயிருந்தீங்க?" எங்கும் போகவில்லை, அம்மா. குண்டான் என் கையில்தான் இருந்தது. அறுபது டிகிரிச் சூட்டில் இருக்கும் தண்ணீர் பெரியவர்களின் தோலையே ஐந்து நொடியில் ஆழமாக வேகவைத்துவிடும். குழந்தையின் தோல் மெல்லியது, அவ்வளவு நேரம்கூட வேண்டாம். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தண்ணீரோ அதைவிடச் சூடு. "எங்கே போயிருந்தாய்" என்ற கேள்வியைக் கேட்டு முடிக்கிற நேரம் அங்கே கிடையாது. ஐந்து வயதுக்குள் சுட்டுக்கொள்ளும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது நடப்பது தீயால் அல்ல, வெந்நீர், பால், டீ, ரசம், சாம்பார் இவற்றால். அதுவும் சொந்த வீட்டுச் சமையலறையில், பெரியவர்கள் பக்கத்தில் நிற்கும்போதே. உங்கள் வீட்டில் இன்னும் நடக்கவில்லை என்றால் அதில் உங்கள் சாமர்த்தியம் பாதி, அதிர்ஷ்டம் பாதி.

கேள்வியாவது பரவாயில்லை. ஒருநாள் கல்யாண மண்டபத்தில் பந்திக்கு வாளிகள் போய்க்கொண்டிருந்தன. நாலைந்து பொடிசுகள் நடுவில் புகுந்து ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பையனின் அம்மா அவனைப் பிடித்து நிறுத்தி, என் மகளின் பக்கம் விரலை நீட்டி, "பாத்தியா, சொல்பேச்சு கேக்கலன்னா அந்தப் பாப்பா மாதிரிதான் ஆவும்" என்றார். பையன் பயந்து நின்றுவிட்டான், அவர் வேலை முடிந்தது. என் மகள் இலையில் இருந்த ஜாங்கிரியைத் தொடாமல் என்னைப் பார்த்தாள். "நான் சொல்பேச்சு கேக்கலையாம்மா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை விதவிதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்றரை வயதில் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்ட ஒரு குழந்தை, தான் ஏதோ தப்பு செய்ததால்தான் இப்படி ஆனது என்று நம்பத் தொடங்கினால், அந்த நம்பிக்கையைக் கழற்றி எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அடுத்தவர் வீட்டுப் பிள்ளையை உங்கள் வீட்டுப் பூச்சாண்டி ஆக்காதீர்கள். பிள்ளை வாளிக்கு நடுவில் ஓடினால் "சூடு, தள்ளி வா" என்று சொன்னால் போதும். அதற்கு ஒரு உதாரணக் குழந்தை தேவையில்லை. இப்படி ஒரு குழந்தையைக் காட்டி மிரட்டுவதை ஆசிரியர்களும் செய்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பதினேழாம் பிரிவில் அடிப்பதை மட்டும் தடை செய்யவில்லை, குழந்தையின் மனத்தை வதைப்பதையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது.

இப்போது கையைப் பிடித்து இழுக்கிறவர்களுக்கு வருகிறேன். நீங்கள் கெட்டவர்கள் இல்லை. பிள்ளை வெறித்துப் பார்த்து, எடக்குமடக்காக எதையாவது கேட்டு, எங்கள் மனம் புண்பட்டுவிடுமோ என்ற சங்கடம். ஆனால் அந்த இழுப்பு உங்கள் பிள்ளைக்கு என்ன பாடம் சொல்கிறது என்று யோசித்தீர்களா? 1985இல் அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர்கள் சிலர் ஒரு சோதனை செய்தார்கள். கண்ணாடி போட்ட நீண்ட மேசை. பாதி தூரம் வரை கண்ணாடிக்கு ஒட்டினாற்போலத் தரை தெரியும். அதற்குப் பிறகு தரை கொஞ்சம் கீழே இறங்கியது போலத் தெரியும். ஒரு வயதுக் குழந்தைகள் அந்தப் பள்ளம்வரை தவழ்ந்து வந்து, நின்று, எதிர்ப்பக்கம் இருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தன. அம்மா சிரித்த முகமாக இருந்தபோது 19 குழந்தைகளில் 14 பள்ளத்தைத் தாண்டிப் போயின. அம்மா முகத்தில் பயம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. பள்ளம் இரண்டு முறையும் ஒன்றேதான்.

உங்கள் பிள்ளையும் என் மகளைப் பார்த்துவிட்டு அடுத்த கணம் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறது. இது பயப்பட வேண்டிய விஷயமா, சாதாரண விஷயமா என்று அங்கே தேடுகிறது. நீங்கள் கையை இழுக்கிறீர்கள். தீர்ந்தது, பதில் கிடைத்துவிட்டது. நாளைக்கு வகுப்பில் அவள் பக்கத்து இடம் காலியாக இருந்தால் உங்கள் பிள்ளை அங்கே உட்காராது. ஏன் என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது.

பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஒன்றாம் வகுப்பு தொடங்கிய வாரத்தில் ஒரு பையன் நேராக இவளிடம் வந்து, "உன் கை ஏன் இப்டி இருக்கு?" என்றான். "சின்ன வயசுல சுடுதண்ணி கொட்டிருச்சு" என்றாள். "எனக்கு சைக்கிள்ல விழுந்து இங்க" என்று கால்சட்டையை ஏற்றி, முட்டியில் பொருக்குத் தட்டியிருந்த காயத்தைக் காட்டினான். இருவரும் குனிந்து அதை ஆராய்ந்தார்கள். பொருக்கைப் பிய்க்கலாமா கூடாதா என்று ஒரு விவாதம் ஆரம்பித்தது. அதற்குள் அவனுடைய அம்மா ஓடி வந்தார். "ஸாரிங்க, ஸாரிங்க, இவனுக்கு எங்க என்ன பேசணும்னே தெரியாது" என்று முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு போனார். அவன் செய்ததில் என்ன தப்பு என்று அவனுக்குப் புரியவில்லை. எனக்கும்தான் புரியவில்லை. அந்த விவாதம் முடியாமலே போனதில் இவளுக்கு வருத்தம்.

பிள்ளை கேட்டால் கேட்கட்டும். சத்தமாகக் கேட்டாலும் பாதகமில்லை. "அவங்களுக்குத் தோல்ல காயம் பட்டு ஆறியிருக்கு, அவ்வளவுதான்" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். இன்னும் கேட்டால் உங்கள் கெண்டைக்காலைக் காட்டுங்கள். நம் ஊரில் இரண்டு பேருக்கு ஒருவர் காலில் பைக் சைலன்சர் சுட்ட தழும்பு இருக்குமே! "அப்பாவுக்கு இது சின்னதா, அந்தப் பாப்பாவுக்கு அது கொஞ்சம் பெருசா" என்றால் மூன்று வயதுக்கும் விளங்கும். பிறகு "உன் பேர் என்னன்னு கேளு" என்று அனுப்பிவிடுங்கள். ஒட்டிக்கொள்ளுமோ என்ற சந்தேகம் உங்களுக்கே இருந்தால், அது உங்களுக்கு இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஆறிய தழும்பு யாருக்கும் ஒட்டாது. அவள் சொறிகிறாளே என்கிறீர்களா? சொறிவாள்தான். தழும்பு முதிரும்வரை அரிக்கும், இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு அரிக்கும். அது படை இல்லை, சொறி இல்லை.

போன வருடக் கோடையில் அவளுக்குக் கழுத்தில் இன்னொரு அறுவை சிகிச்சை நடந்தது. "இன்னுமா சரியாகல?" என்று ஆச்சரியப்பட்டவர்களுக்காகச் சொல்கிறேன். எலும்பு வளர்கிறது, தசை வளர்கிறது, தழும்புத் தோல் அந்த வேகத்துக்கு நீளாது. அதனால் கழுத்துத் தழும்பு தாடையைக் கீழே இழுக்கத் தொடங்கியது. அதை வெட்டி விடுவித்து, தொடையிலிருந்து எடுத்த தோலை அந்த இடத்தில் ஒட்டினார்கள். வளர்ச்சி நிற்கும்வரை இப்படி இன்னும் சில முறை தேவைப்படலாம். ஒவ்வொரு முறைக்குப் பிறகும் பிரஷர் கார்மென்ட் என்று மருத்துவமனையில் சொல்கிற இறுக்கமான உடுப்பைப் போட வேண்டும். குளிக்கவும் தழும்பைத் தடவிவிடவும் கழற்றலாம், மற்றபடி ஒரு நாளில் 23 மணி நேரம் அது உடம்பில் இருக்க வேண்டும். மாதக் கணக்கில், சில பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு வருடம்கூட. ஆழமாக வெந்த இடத்தில் வியர்வைச் சுரப்பி மிஞ்சுவதில்லை, அங்கே வியர்க்காது. தஞ்சாவூர் வெயிலில் அந்த உடுப்போடு விளையாட்டு வகுப்பில் நின்றால் உடம்பு எப்படிக் கொதிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவளை வேப்பமர நிழலில் உட்காரவைத்தால் "அவளுக்கு மட்டும் என்ன சலுகை?" என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டீர்களே, அதற்கான பதில் இதுதான். தழும்பின் மேல் வெயில் பட்டால் கறுத்துப்போகும் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வைத்தியம் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குப்பைமேனி, கழுதைப்பால், ஏதோ ஒரு மலையடிவாரத்து எண்ணெய், ஆறே வாரத்தில் மறையும் என்று விளம்பரம் வரும் க்ரீம், எல்லாம் கேட்டாகிவிட்டது. இவ்வளவு ஆழமான தழும்பு முழுதாக மறையாது. மென்மையாகும், நிறம் தணியும், அவ்வளவே. நீங்கள் ஒவ்வொரு முறை "இத போட்டா போயிரும்" என்று சொல்லும்போதும், போக வேண்டிய ஏதோ ஒன்று தன் முகத்தில் இருக்கிறது என்றுதான் அவள் கேட்டுக்கொள்கிறாள். உங்களுக்கு உதவி செய்ய ஆசை இருந்தால் வேறு ஒன்றைப் பரப்புங்கள்: சுட்ட உடனே குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். தோசை மாவு, பற்பசை, பேனா மை, காபித்தூள் எதுவும் வேண்டாம். அந்த இருபது நிமிடம் காயத்தின் ஆழத்தையே குறைக்கும். இதைத் தெரிந்துவைத்திருப்பவர்களைவிட மாவு பூசுகிறவர்கள்தான் இன்னும் அதிகம்.

"பொம்பளப் புள்ளையாச்சே" என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு மாப்பிள்ளை தேடும் அவசரம் உங்களுக்கு ஏன்?

2004 ஜூலை 16ஐ இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கும்பகோணத்தில், பள்ளிச் சமையல்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. 18 பேர் தீக்காயத்தோடு பிழைத்தார்கள். ஆண்டுதோறும் மெழுகுவத்தி ஏற்றுகிறோம், படங்களுக்கு மாலை போடுகிறோம், செய்யத்தான் வேண்டும். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளைப் பிரித்தார்கள், அதுவும் நல்லது. பிழைத்தவர்கள்? அவர்கள் இன்று முப்பது வயதை ஒட்டியவர்கள். இன்னொரு பள்ளிக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, புதுப் பிள்ளைகளின் பார்வையைத் தாங்கி, குரூப் போட்டோவுக்கு நின்று வளர்ந்தவர்கள். இறந்த குழந்தைகளுக்காக அழத் தெரிந்த நமக்கு, தழும்போடு உயிரோடு பக்கத்தில் நிற்கிற குழந்தையோடு பேசத் தெரிவதில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

சரி, இவ்வளவு நேரம் மற்றவர்களைத் திட்டியாகிவிட்டது. இனி என் பக்கத்து பெஞ்சில், பிசியோதெரபி அறைக்கு வெளியே, டோக்கனோடு உட்கார்ந்திருக்கிற பெற்றோரிடம் வருகிறேன். உங்களை விட்டுவிடுவேன் என்று நினைத்தீர்களா?

மே மாதத்தில் பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை எதற்கு? வெயிலுக்காக என்றால் சரி. சித்தப்பா வீட்டு ஆட்கள் வருகிறார்கள் என்பதற்காக என்றால் அது அநியாயம். காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் எல்லோரும் கிளம்பிப் போக, அந்தப் பிள்ளை மட்டும் பாட்டியோடு வீட்டில் இருப்பது ஏன்? "அவனுக்குக் கூட்டம் புடிக்காதுங்க" என்கிறீர்கள். கூட்டம் அவனுக்குப் பிடிக்கவில்லையா, அவனோடு கூட்டத்தில் நிற்பது உங்களுக்குப் பிடிக்கவில்லையா? பள்ளி அடையாள அட்டைக்குப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் ஒருவர் கம்ப்யூட்டரில் தழும்பை வழித்தெடுத்துவிட்டு, "நீட்டா பண்ணிட்டேன் மேடம்" என்று பெருமையாகக் காட்டினார். நான் திருப்பி எடுக்கச் சொன்னேன். நீங்களோ கேட்டு வாங்குகிறீர்கள், செல்போனில் நீங்களே வழவழப்பாக்கிக் குடும்பக் குழுவில் போடுகிறீர்கள். பிள்ளை அதைப் பார்க்கிறது. இவர்களுக்குப் பிடித்த பிள்ளை இதுதான் போல என்று நினைக்காதா?

தழும்பு எவ்வளவு பெரியது என்பதை வைத்து ஒரு பிள்ளை எவ்வளவு வாடும் என்று சொல்லிவிட முடியாது. தீக்காயப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். உடம்பில் பாதிக்கு மேல் வெந்த பிள்ளை கலகலவென்று வளர்கிறது, உள்ளங்கையளவு தழும்புள்ள பிள்ளை அறையை விட்டு வெளியே வருவதில்லை. வித்தியாசம் பெரும்பாலும் வீட்டில் இருக்கிறது, நண்பர்களில் இருக்கிறது. அதற்காகத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் கூடாது. தம்பியைக் கிள்ளினால் கண்டியுங்கள். வீட்டுப்பாடம் எழுதச் சொல்லுங்கள். "பாவம், அது ஏற்கெனவே பட்டது போதும்" என்று எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தால், பாவப்பட்ட பிள்ளை என்ற வேஷத்தை நீங்களே மாட்டிவிடுகிறீர்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கடுப்பேற்றுவது, பதில் சொல்லத் தெரியாமல் பிள்ளையை வெளியே அனுப்புவது. ஊர் கேட்கத்தான் போகிறது. ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் என்று இங்கிலாந்தில் ஒருவர் இருந்தார். 1970இல், 18 வயதில், கார் தீப்பற்றி முகம் முழுக்க வெந்தவர். 1992இல் சேஞ்சிங் ஃபேஸஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். முகத்தில் தழும்போ மாறுபாடோ உள்ளவர்களுக்காக 2020இல் இறக்கும்வரை உழைத்தவர். (சினிமாவில் கன்னத்தில் தழும்பு வைத்தாலே வில்லன் என்று காட்டுவதை எதிர்த்து அந்த அமைப்பு 2018இல் குரல் கொடுத்தது. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் இனி அப்படிப்பட்ட படங்களுக்கு நிதி தருவதில்லை என்று ஒப்புக்கொண்டது. நம் ஊர் இயக்குநர்கள் யாராவது இதைப் படித்தால் சந்தோஷம்.) அந்த அமைப்பு கற்றுக்கொடுக்கும் முறை மூன்றே படி: என்ன நடந்தது என்று சொல், ஒன்றுமில்லை என்று தைரியம் சொல், பேச்சை வேறு பக்கம் திருப்பு. எங்கள் வீட்டுத் தமிழில் அது இப்படி ஆனது: "சின்ன வயசுல சுடுதண்ணி கொட்டிருச்சு. இப்ப வலிக்காது. நீ எந்த கிளாஸ்?"

இதை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் நடக்காது. பழக்க வேண்டும். எங்கள் வீட்டில் என் மாமியார்தான் பேருந்தில் வரும் அத்தை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, "அடியாத்தீ, என்னடி ஆச்சு தங்கம்?" என்று அவர் ஆரம்பித்தால் என் மகளுக்குச் சிரிப்பு தாங்காது. சிரித்துச் சிரித்தே வாக்கியம் நாக்கில் பழகிவிட்டது. போன மாதம் நிஜமான அத்தை ஒருவர் கேட்டபோது, பதிலைச் சொல்லிவிட்டு, "நீங்க எங்க எறங்கணும்?" என்று அவரையே திருப்பிக் கேட்டாள். அவரும் மணிக்கூண்டு என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார். இன்னொரு வாக்கியமும் அவளுக்குத் தெரியும்: "இன்னிக்கு அதப் பத்திப் பேசப் புடிக்கல." எல்லோருக்கும் எப்போதும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது அவள் கடமை இல்லை. அப்படி அவள் சொன்னால் "பெரியவங்ககிட்ட இப்படியா பேசுறது" என்று நீங்கள் குறுக்கே பாயாமல் இருந்தால் போதும்.

இப்போது வார்டில் கட்டுப் பிரிக்கக் காத்திருக்கும் பெற்றோர் யாராவது இதைப் படிக்கிறீர்களா? டாக்டர் அனுமதித்ததும் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள், அடுத்த கல்வியாண்டு வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அதற்கு முந்தைய நாள் நீங்கள் மட்டும் போய் வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். பிள்ளை சம்மதித்தால், இப்போது எப்படி இருக்கிறான் என்று வகுப்பில் மற்ற பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொல்லுங்கள், ஒரு படமும் கொடுங்கள், வழிக்காத படம். அரிப்பு எடுக்கும், வெயில் ஆகாது, அந்த இறுக்க உடுப்பை யாரும் கழற்றச் சொல்லக் கூடாது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். உடுப்பு வாங்கும்போது இரண்டு செட்டாக வாங்குங்கள். ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டால் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு போகலாம். நிழலில் காயவையுங்கள், வெயிலில் போட்டால் இறுக்கம் போய்விடும்.